சிக்ஸ்த் ஃபார்ம்ல புதுசா சைக்காலஜி எடுக்கப் போறீங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

இங்கிலாந்துல ஸ்கூல் டீச்சரா இருக்குற நம்மாளுங்க கிட்ட இருந்து ஈஸ்டர் லீவு முடிஞ்சாலே எனக்கு ஒரே மாதிரி மெசேஜா வரும். "எங்க ஸ்கூல்ல செப்டம்பர்ல இருந்து ஏ லெவல் சைக்காலஜி ஆரம்பிக்கிறாங்களாம், என்னைய எடுக்கச் சொல்லிட்டாங்க, எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல". ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சு பதில் எழுதிட்டேன். நான் எடுக்குறது ஏக்யூஏங்கிற பரீட்சை போர்டு, அதனால உதாரணம் எல்லாம் அங்கருந்துதான் வரும்.

சிக்ஸ்த் ஃபார்ம்னா ஆறாங்கிளாஸா? சின்னப் பசங்களுக்கு எதுக்கு சைக்காலஜி?

ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க எல்லாரும் இதத்தான் முதல்ல கேப்பாங்க. இயர் 12, இயர் 13, அதாவது 16 வயசுலருந்து 18 வரைக்கும், நம்ம ஊர் பிளஸ் ஒன் பிளஸ் டூ மாதிரி. ஜிசிஎஸ்இ (நம்ம ஊர் பத்தாங்கிளாஸ் பரீட்சை மாதிரி) முடிச்சுட்டு வர்ற பசங்க ஏ லெவல்னு பெரும்பாலும் மூணு சப்ஜெக்ட் எடுத்து ரெண்டு வருஷம் படிச்சு கடைசில மே, ஜூன்ல மொத்தமா பரீட்சை எழுதுவாங்க. சைக்காலஜில கோர்ஸ்வொர்க் மார்க்குன்னு ஒண்ணும் கிடையாது, எல்லாமே அந்த கடைசிப் பரீட்சைதான்.

எதுக்கு எல்லா ஸ்கூலும் இப்போ சைக்காலஜிய புடிச்சுட்டு தொங்குது?

பசங்க கேக்குறாங்க, அதான். ஏ லெவல்ல மேத்ஸுக்கு அடுத்து அதிகம் பேர் எழுதுறது சைக்காலஜிதான், 2024ல மட்டும் 78 ஆயிரத்துக்கு மேல என்ட்ரி. சிக்ஸ்த் ஃபார்முக்கு வர்ற காசு பசங்க தலைய எண்ணித்தான் வருது, இந்த சப்ஜெக்ட் இல்லைன்னா பசங்க பக்கத்து காலேஜுக்குப் போயிடுவாங்க. கெமிஸ்ட்ரி மாதிரி லேப் கட்டுற செலவும் கிடையாது, ஒரு ரூமும் ஒரு டீச்சரும் போதும்னு மேனேஜ்மென்ட் நினைக்குது. அந்த ஒரு டீச்சர் நீங்கதான், அதனால கொஞ்சம் உஷாரா இருங்க.

எந்த போர்டு எடுக்கலாம்? ஏக்யூஏவா, ஓசிஆரா, எடெக்செல்லா?

உங்க ஸ்கூல்ல சைக்காலஜிக்குன்னு வேற ஆளே இல்லைன்னா ஏக்யூஏ எடுங்க. அதுல ஏதோ மந்திரம் இருக்குன்னு சொல்லல, நாட்டுல அதிகம் பேர் எடுக்குறது அதுதான், அதனால புக்கு, பழைய பேப்பர், வீடியோ, சந்தேகம் கேக்க ஆளுன்னு எல்லாம் ஈஸியா கிடைக்கும். ஓசிஆர் கோர் ஸ்டடீஸ்னு ஆய்வுகள ஒண்ணொண்ணா புடிச்சு ஆழமா போகும், சயின்ஸ்காரங்களுக்கு அது பிடிக்கும். எடெக்செல்லும் நல்ல கோர்ஸ்தான், ஆனா தனியா மாட்டிக்கிட்ட ஆளுக்கு கூட்டம் இருக்குற பக்கம் போறதுதான் புத்திசாலித்தனம்.

ஏக்யூஏல மூணு பேப்பர், ஒவ்வொண்ணும் 2 மணி நேரம், 96 மார்க். முதல் பேப்பர்ல சோஷியல் இன்ஃப்ளூயன்ஸ், மெமரி, அட்டாச்மென்ட் (பிள்ளைக்கும் வளர்க்குறவங்களுக்கும் உள்ள பிணைப்பு), அப்புறம் மனநலப் பிரச்சினைங்க பத்தின பகுதி (பழைய பாடத்திட்டத்துல சைக்கோபத்தாலஜி). ரெண்டாவதுல அப்ரோச்சஸ், பயோசைக்காலஜி, ரிசர்ச் மெத்தட்ஸ் (ஆய்வ எப்படிப் பண்றது, எப்படி அலசுறதுங்கிற பகுதி). மூணாவதுல இஷ்யூஸ் அண்ட் டிபேட்ஸோட மூணு ஆப்ஷன். ஒரு முக்கியமான விஷயம், இந்த பாடத்திட்டத்த புதுப்பிச்சு 2025 செப்டம்பர்ல இருந்து நடத்த விட்டிருக்காங்க, அதுக்கு முதல் பரீட்சை 2027ல. யாராவது பழைய நோட்ஸ் ஃபோல்டர பாசமா தூக்கிக் குடுத்தா வாங்கிக்கோங்க, ஆனா போர்டு சைட்ல இருக்குற புது பாடத்திட்டத்த பக்கத்துல வச்சு வரி வரியா பாத்துட்டு அப்புறம் கிளாஸுக்கு எடுத்துட்டுப் போங்க.

நான் பயாலஜி டீச்சர், சைக்காலஜி படிச்சதே இல்ல. என்னால முடியுமா?

முடியும், ஆனா உங்களுக்கு எது ஈஸியா வரும் எது வராதுன்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க. பயாலஜிக்காரங்களுக்கு நியூரான், சினாப்ஸ், ஃபைட் ஆர் ஃப்ளைட் எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும், எஸ்ஸே மார்க் பண்றப்பதான் திணறுவாங்க. சோஷியாலஜி, இங்கிலீஷ் எடுத்தவங்களுக்கு அப்படியே தலைகீழ், எஸ்ஸேல கலக்குவாங்க, ஸ்பியர்மன்ஸ் ரோன்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணக்கு வந்ததும் முகம் மாறிடும். பசங்கள விட ஒரு சாப்டர் முன்னாடி இருந்தா போதும்னு சிலர் சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, ஏன்னா இந்தப் பாடத்துல முதல் சாப்டர்ல வர்ற விஷயம் இருபதாவது சாப்டர்ல திரும்ப வந்து நிக்கும்.

எம்எஸ்சி சைக்காலஜி இந்தியால முடிச்சிருக்கேன், நேரா டீச்சரா சேரலாமா?

டிகிரிய யூகே ஈநிக் மூலமா சமம்னு காட்டலாம், அது பெரிய பிரச்சினை இல்ல. சிக்கல் கியூடிஎஸ்ங்கிற அதிகாரப்பூர்வ டீச்சர் அந்தஸ்துல. இந்தியால டீச்சர் தகுதி வாங்கினவங்களுக்கு 2023ல ஒரு வழி திறந்தாங்க, ஆனா அது மேத்ஸ், சயின்ஸ், மொழிப்பாடம் எடுக்குறவங்களுக்குத்தான், சைக்காலஜி அந்த லிஸ்ட்ல வரல. அகாடமியும் பிரைவேட் ஸ்கூலும் கியூடிஎஸ் இல்லாமலும் எடுக்கலாம், எடுக்குறாங்களான்றது அந்தந்த ஹெட்மாஸ்டர் கையில. கவர் சூப்பர்வைசராவோ (டீச்சர் வராதப்ப கிளாஸ பாத்துக்குறவர்) டீச்சிங் அசிஸ்டன்டாவோ உள்ள போய்ட்டு அங்கருந்து ட்ரெய்னிங்குக்கு மாறின நிறைய பேர எனக்குத் தெரியும்.

சம்மர் லீவுல ஒரே ஒரு விஷயம்தான் படிக்க டைம் இருக்கு, எத படிக்கிறது?

ரிசர்ச் மெத்தட்ஸ். கண்ண மூடிட்டு சொல்லுவேன். எல்லாரும் ஃபிராய்டு, மில்கிராம்னு சுவாரசியமான கதையப் படிச்சுட்டு செப்டம்பர்ல வந்து நிப்பாங்க. மொத்த மார்க்ல கால் பங்குக்குக் குறையாம ரிசர்ச் மெத்தட்ஸ்லருந்துதான் வருது, அது ரெண்டாவது பேப்பரோட நிக்காம மத்த பேப்பர்லயும் நுழையும். அதவிட முக்கியம், எஸ்ஸேல ஒரு ஆய்வ விமர்சனம் பண்றதுக்கான ஆயுதம் எல்லாம் அங்கதான் இருக்கு. சாம்பிளிங் (ஆள எப்படிப் பொறுக்குறது), வேரியபிள் (எத மாத்துறோம், எத அளக்குறோம்), வேலிடிட்டி (அளக்க நினைச்சதத்தான் அளந்தோமா), ரிலயபிலிட்டி (திரும்பப் பண்ணா அதே மாதிரி வருமா) இந்த நாலும் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடா இருந்தா புதுசா எந்த ஆய்வு வந்தாலும் பசங்க முன்னாடி தைரியமா நிக்கலாம்.

அப்போ ரிசர்ச் மெத்தட்ஸ முதல்லயே மொத்தமா முடிச்சுட்டு மத்ததுக்குப் போயிடலாமா?

ஐயோ வேணாம். செப்டம்பர்ல ஆசை ஆசையா வந்த பசங்கள ஆறு வாரம் ரிசர்ச் மெத்தட்ஸ்ல உக்கார வைக்கிறது உப்ப மட்டும் தட்டுல வச்சு சாப்பிடச் சொல்ற மாதிரி. கடைசில வச்சுக்கலாம்னு தள்ளுறதும் ஆபத்து, ஒண்ணும் புரியாம மனப்பாடம் பண்ணிட்டுப் போவாங்க. ஒவ்வொரு டாப்பிக்லயும் கொஞ்சம் கொஞ்சமா கலந்து விடுங்க.

எப்படின்னு ஒரு உதாரணம். மெமரில லாஃப்டஸும் பாமரும் 1974ல பண்ண ஆய்வு வரும். 45 ஸ்டூடன்ட்ஸுக்கு கார் மோதுற ஃபிலிம் போட்டுக் காட்டிட்டு கார் எவ்ளோ வேகத்துல போச்சுன்னு கேட்டாங்க, கேள்வில ஒரே ஒரு வினைச்சொல்ல மட்டும் அஞ்சு குரூப்புக்கு அஞ்சு விதமா மாத்தினாங்க. "நொறுங்கின"ங்கிற மாதிரி சொல் கேட்டவங்க சராசரியா 40 மைலுக்கு மேல சொன்னாங்க, சும்மா "தொட்ட"ன்னு கேட்டவங்க 32க்கும் கீழ. இத கதையா சொன்னா 10 நிமிஷத்துல முடிஞ்சிடும். அங்கயே நிறுத்திக் கேளுங்க, ஆராய்ச்சியாளர் எத மாத்தினாங்க, எத அளந்தாங்க, ஒரே ஆள் கிட்ட அஞ்சு சொல்லையும் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும், எல்லாரும் காலேஜ் ஸ்டூடன்ட்ஸா இருந்தா என்ன பிரச்சினை, நெஜமா ஆக்சிடென்ட் பாக்குறவனுக்கும் ஃபிலிம் பாக்குறவனுக்கும் என்ன வித்தியாசம். ஒரு ஆய்வு வழியா இன்டிபென்டன்ட் வேரியபிள், டிபென்டன்ட் வேரியபிள், இன்டிபென்டன்ட் குரூப்ஸ், சாம்பிளிங் பயாஸ், எக்கலாஜிக்கல் வேலிடிட்டி (நெஜ வாழ்க்கைக்குப் பொருந்துமாங்கிறது) எல்லாமே வந்துடுச்சு, பசங்களுக்கு ரிசர்ச் மெத்தட்ஸ் நடந்ததே தெரியாது. பேருங்கள அப்புறமா போர்டுல எழுதிக்கலாம்.

முதல் கிளாஸ்ல என்ன பண்றது? பசங்க சீரியல் கில்லர் பத்தி கேப்பாங்களாமே?

கேப்பாங்க. "சார் என் மனசுல என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க"ன்னு கண்டிப்பா ஒருத்தன் கேப்பான். சிரிச்சுட்டு வேலைய ஆரம்பிங்க. நான் பவர்பாயின்ட் எல்லாம் போடறதில்ல, ஸ்ட்ரூப் டெஸ்ட் பண்ண வைப்பேன், 1935லருந்து இருக்குற சரக்கு. சிவப்புன்னு எழுத்து நீல மையில இருக்கும், மையோட கலர வாய்விட்டு சொல்லணும். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஸ்டாப்வாட்ச் வச்சு எடுத்தா கிளாஸே கத்தும். இதுல உள்ள லாபம் என்னன்னா முதல் நாளே உங்க கையில சொந்த டேட்டா இருக்கு, அத வச்சு அடுத்து வர்ற வாரங்கள்ல மீன், மீடியன், கிராஃப், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எல்லாம் போடலாம். அவங்களோட நம்பர்ங்கிறதால அக்கறையா போடுவாங்க.

வாரத்துக்கு 4 மணி நேரம்தான் தர்றாங்க, போதுமா?

இழுத்துப் புடிச்சா போதும், 5 இருந்தா நிம்மதி. அதுக்குக் கீழ போனா சண்டை போடுங்க. சாப்டர வீட்டுல படிச்சுட்டு வரச் சொல்லி கிளாஸ் டைம விவாதத்துக்கும் எழுதுறதுக்கும் வச்சுக்கோங்க.

மேத்ஸ்னு சொன்னாலே பசங்க முகம் தொங்கிடுது, எவ்ளோ மேத்ஸ் வரும்?

மொத்த மார்க்ல 10 சதவீதமாவது கணக்கு இருக்கணும்னு ரூல், மூணு பேப்பரும் சேத்து 288 மார்க்ல ஏறக்குறைய 29. எல்லாம் ஜிசிஎஸ்இ லெவல்தான், பின்னம், சதவீதம், கிராஃப், சராசரி. பயம் வர்றது ஸ்டாட்டிஸ்டிக்கல் டெஸ்ட் பேரக் கேட்டுத்தான். நான் சைன் டெஸ்ட்லருந்து ஆரம்பிப்பேன், ஏன்னா கூட்டல் தெரிஞ்சா போதும்.

கிளாஸ்ல 14 பேர், ஒரு தடவ அமைதியா, ஒரு தடவ பாட்டு கேட்டுட்டு, வேர்ட் லிஸ்ட் மனப்பாடம் பண்றாங்கன்னு வைங்க. அமைதில அதிகம் ஞாபகம் வச்சிருந்தா பிளஸ், பாட்டுல அதிகம்னா மைனஸ், சமமா இருந்தா விட்டுடுங்க. 2 பேருக்கு சமம், மிச்சம் 12 பேர், அதுல 10 பிளஸ், 2 மைனஸ். எது கம்மியோ அதுதான் எஸ் மதிப்பு, இங்க 2. டேபிள எடுத்து 12 பேருக்கு 0.05 லெவல்ல பாத்தா கிரிட்டிக்கல் வேல்யூவும் (ஒப்பிட்டுப் பாக்குற எல்லை நம்பர்) 2. நம்ம எஸ் அதுக்கு சமமாவோ கம்மியாவோ இருக்குறதால சிக்னிஃபிகன்ட், அதாவது சும்மா தற்செயலா வந்த வித்தியாசம்னு தள்ளிட முடியாது. முடிஞ்சுது. அதே 12 பேர்ல 9 பிளஸ், 3 மைனஸ்னு வந்திருந்தா பாஸாகாது, ஒரே ஒரு ஆள் மாறினதுல முடிவே மாறிடுச்சுன்னு காட்டுங்க, சின்ன சாம்பிள்ல ஏன் ஜாக்கிரதையா இருக்கணும்னு அப்ப தானா புரியும்.

அடுத்து எல்லாரும் குழம்புறது, எந்த டெஸ்டுக்கு பெருசா வரணும் எதுக்கு சின்னதா வரணும்னு. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. டெஸ்டோட இங்கிலீஷ் பேர்ல ஆர் எழுத்து இருந்தா, அதாவது ஸ்பியர்மன், பியர்சன், கை ஸ்கொயர்ட், ரிலேட்டட் டி, அன்ரிலேட்டட் டி, நம்ம கணக்குல வந்த நம்பர் கிரிட்டிக்கல் வேல்யூக்கு சமமா இல்ல பெருசா இருக்கணும். ஆர் இல்லாத சைன், வில்காக்ஸன், மான் விட்னிக்கு சமமா இல்ல சின்னதா.

16 மார்க் கேள்விக்கு பக்கம் பக்கமா எழுதுறாங்க, மார்க் மட்டும் 7, 8 தாண்ட மாட்டேங்குது. ஏன்?

என்ன எழுதுறாங்கன்னு பாருங்க. இதுவரைக்கும் வந்த பேப்பர்கள்ல சாதாரண 16 மார்க் கேள்வில விவரிக்கிறதுக்கு 6, விமர்சனத்துக்கு 10. பசங்க அப்படியே உல்டாவா எழுதுவாங்க, மில்கிராம் லேப்ல (கீழ்ப்படியிறாங்களான்னு பாக்க அடுத்தவருக்கு ஷாக் குடுக்கச் சொன்ன ஆய்வு) என்ன கலர் கோட்டு போட்டிருந்தாங்கங்கிறது வரைக்கும் ரெண்டு பக்கம் கதை, கடைசி அரைப் பக்கத்துல அவசரமா நாலு குறை. கேள்வில ஒரு சின்ன சூழ்நிலை குடுத்து அத ஒட்டி எழுதச் சொன்னா 6, 4, 6ன்னு பிரியும், அந்த 4அ மறந்துட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி.

விமர்சனம்னா என்னன்னும் காட்டணும். "மில்கிராம் ஆய்வு லேப்ல நடந்துச்சு, எக்கலாஜிக்கல் வேலிடிட்டி கம்மி, அதனால நல்ல ஆய்வு இல்ல", இப்படி எழுதினா எக்ஸாமினர் கொட்டாவி விடுவாரு, ஏன்னா இத எந்த ஆய்வுக்கும் ஒட்டலாம். இப்படி எழுத வைங்க: லேப்ல நடந்ததால வெளிய பொருந்தாதுன்னு சொல்லலாம், ஆனா 1966ல ஹாஃப்லிங் நெஜ ஆஸ்பத்திரில பண்ணப்ப 22 நர்ஸ்ல 21 பேர் டாக்டர் போன்ல சொன்ன டபுள் டோஸ் மருந்த குடுக்கக் கிளம்பிட்டாங்க, அதனால கீழ்ப்படியிறது வெளியவும் நடக்குது. ஆனா 1977ல ராங்க்கும் ஜேக்கப்சனும் நர்ஸுங்களுக்குத் தெரிஞ்ச மருந்த வச்சு, கூட இருக்குறவங்க கிட்ட கலந்து பேசவும் விட்டப்ப 18 பேர்ல 16 பேர் மறுத்துட்டாங்க, ஆக சூழ்நிலைய பொறுத்து மாறுது. ஒரே பாராவுல பாயின்ட், ஆதாரம், எதிர் ஆதாரம், அதனால என்னங்கிற முடிவு. இந்த மாதிரி மூணு பாரா எழுதினா போதும், எட்டு குட்டிக் குறைய அடுக்குறத விட மேல.

"ப்ரூவ்"ங்கிற வார்த்தைய கிளாஸ்ல தடை பண்ணிடுங்க. ஒரு ஆய்வு எதையும் நிரூபிக்காது, ஆதரவு தரும், அவ்ளோதான். எங்க கிளாஸ்ல யாராவது அத சொன்னா மத்த பசங்களே ஓன்னு கத்துவாங்க.

மூணாவது பேப்பருக்கு எந்த ஆப்ஷன் எடுக்கலாம்? பசங்களையே ஓட்டு போடச் சொல்லலாமா?

ஓட்டு போட்டா குற்றவாளிங்க பத்தின ஃபோரன்சிக்தான் ஜெயிக்கும், முன்னாடியே சொல்லிடுறேன். ரிலேஷன்ஷிப்ஸ், ஜெண்டர், காக்னிஷன் அண்ட் டெவலப்மென்ட் இதுல ஒண்ணு. ஸ்கிட்சோஃப்ரினியா, ஈட்டிங் பிஹேவியர், ஸ்ட்ரெஸ் இதுல ஒண்ணு. அக்ரஷன், ஃபோரன்சிக், அடிக்ஷன் இதுல ஒண்ணு. முதல் வருஷம் நீங்களே முடிவு பண்ணுங்க, உங்களுக்கு எது தெரியும், நல்ல மெட்டீரியல் எதுக்கு இருக்குன்னு பாத்து.

என் அபிப்பிராயம் கேட்டா, ஈட்டிங் பிஹேவியர் வேணாம். சாப்பிடாம உடம்ப வருத்துற அனோரெக்ஸியா அதுல வருது, 17 வயசுப் பசங்க இருக்குற கிளாஸ்ல அத வாரக்கணக்கா பேசுறது யாரோ ஒருத்தர குத்தும், அது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. பயாலஜிக்காரங்களுக்கு ஸ்கிட்சோஃப்ரினியா நல்லா வரும், டோபமைன்ங்கிற மூளை ரசாயனத்துலருந்து ஆரம்பிக்கலாம். காக்னிஷன் எடுத்தா நம்ம மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் பேர் வரும், சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. மிரர் நியூரான் (அடுத்தவங்க செய்றத பாத்தாலும் தூண்டப்படுற மூளை செல்) சரியா வேலை செய்யாததுதான் ஆட்டிஸத்துக்குக் காரணம்ங்கிற கருத்த முன்வச்சவங்கள்ல அவரும் ஒருத்தர், அதுக்கு எதிரா நிறைய விமர்சனமும் இருக்கு. நம்மாளுன்னு பெருமையா சொல்லிட்டு அந்த விமர்சனத்தையும் சேத்தே நடத்துங்க.

டிப்ரஷன் நடத்திட்டிருக்கப்ப ஒரு பொண்ணு கிளாஸ் முடிஞ்சதும் வந்து "மிஸ் எனக்கும் இப்படித்தான் இருக்கு, யார் கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு சொல்லுச்சு. என்ன பண்ணணும்?

யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுக்காதீங்க, இது முதல் விஷயம். "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவி பண்ற ஆள் கிட்ட நான் சொல்லியாகணும், யார்னு உன் கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்"னு சொல்லுங்க. அன்னைக்கே ஸ்கூலோட சேஃப்கார்டிங் லீட் (பசங்க பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள்) கிட்ட போயிடுங்க, அவ சொன்ன வார்த்தையிலயே எழுதிக் குடுங்க. துருவித் துருவிக் கேக்காதீங்க, இது டிப்ரஷன்தான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. சைக்காலஜி டீச்சர்னா டாக்டர்னு பசங்களும் நினைப்பாங்க, சில சமயம் நமக்கே அப்படி ஒரு நினைப்பு வந்துடும்.

அந்த டாப்பிக் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கிளாஸ்ல சொல்லிடுங்க, கஷ்டமா இருந்தா வெளிய போலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு. டிப்ரஷன் கேள்வித்தாள கிளாஸ்ல நிரப்ப வைக்கவே கூடாது, ஓசிடிய (ஒரே எண்ணம், செயல் திரும்பத் திரும்ப வர்ற பிரச்சினை) நடிச்சுக் காட்டச் சொல்றதும் வேணாம், இன்டர்நெட்ல அந்த மாதிரி ஐடியா நிறைய சுத்துது.

அட்டாச்மென்ட்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு நான் சொல்லுவேன். பௌல்பி சொன்ன மெட்டர்னல் டெப்ரிவேஷன (சின்ன வயசுல அம்மாவ பிரியிறதால வர்ற பாதிப்பு) நடத்துறப்ப கிளாஸ்ல தத்தெடுத்த பிள்ளை இருக்கலாம், ஃபாஸ்டர்ல வளர்ற பிள்ளை இருக்கலாம், நம்ம குடும்பங்கள்ல அப்பா அம்மா முன்னாடி வந்துட்டு பிள்ளைய சில வருஷம் அம்மம்மா கிட்ட விட்டுட்டு அப்புறமா கூட்டிட்டு வந்த கதை எவ்ளோ இருக்கு. "அம்மாவ பிரிஞ்சா பிள்ளை கெட்டுப் போயிடும்"னு பாதி கேட்டுட்டு அந்த மாதிரி பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது. ருமேனிய அனாதைப் பிள்ளைங்கள ரட்டர் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வையும் அதே வாரத்துல நடத்திடுங்க. அவ்ளோ மோசமான இடத்துலருந்து வந்தவங்கள்லயே ஆறு மாச வயசுக்கு முன்னாடியே நல்ல குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க பெரும்பாலும் தேறி வந்தாங்க.

மில்கிராம், ஜிம்பார்டோ எல்லாம் டுபாக்கூர்னு யூடியூப்ல சொல்றாங்களே. பசங்க கேட்டா என்ன சொல்றது?

"சரியான கேள்வி"ன்னு சொல்லுங்க. ஜிம்பார்டோவோட 1971 ஸ்டான்ஃபோர்டு சிறை ஆய்வுல, ஸ்டூடன்ட்ஸ காவலாளி, கைதின்னு பிரிச்சு நடிக்க வச்சப்ப, காவலாளிங்க தானா கொடூரமா மாறினாங்கன்னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க, அப்புறம் பழைய ஆவணங்கள தோண்டினவங்க, கடுமையா நடந்துக்கச் சொல்லி அவங்களுக்கு அறிவுரை போயிருக்குன்னு காட்டினாங்க. அதே மாதிரி ஒரு சிறைய ஹாஸ்லமும் ரெய்ச்சரும் பிபிசியோட சேந்து அமைச்சு 2006ல வெளியிட்டாங்க, அதுல காவலாளிங்க ஒத்துமையாவே இல்ல, கைதிங்க கை ஓங்கிடுச்சு. மில்கிராம பொறுத்தவரைக்கும் 40 பேர்ல 65 சதவீதம் 450 வோல்ட் வரைக்கும் போனாங்கங்கிற நம்பர் அப்படியே இருக்கு, ஆனா ஷாக் நெஜம்னு எத்தனை பேர் நம்பினாங்கங்கிறதுல சண்டை நடந்துட்டிருக்கு. பர்கர் 2009ல 150 வோல்ட்டோட நிறுத்திட்டு திரும்ப பண்ணிப் பாத்தப்ப 70 சதவீதம் பேர் அதுக்கு மேலயும் போகத் தயாரா இருந்தாங்க.

அதனால ரெண்டும் ஒரே தராசுல நிக்காது, ஒண்ணு நிறைய ஆட்டம் கண்டுச்சு, இன்னொண்ணு கொஞ்சம் ஆடிட்டு நிக்குது. எது ஏன் ஆடுச்சுன்னு பசங்க சொல்லத் தெரிஞ்சுட்டா அதான் மேல சொன்ன 10 மார்க் விமர்சனம். கேள்வி கேட்ட பையன்கிட்டயே அடுத்த கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லிடுங்க.

கிளாஸ் பசங்களையே வச்சு எக்ஸ்பெரிமென்ட் பண்ணலாமா? பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்களா?

பண்ணணும், பண்ணாம ரிசர்ச் மெத்தட்ஸ் ஏறாது. மெமரி, ரியாக்ஷன் டைம், ஸ்ட்ரூப், கேன்டீன்ல யார் என்ன வாங்குறாங்கன்னு அப்சர்வேஷன், இதெல்லாம் சேஃப். பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி நெறிமுறைல சொல்ற மரியாதை, திறமை, பொறுப்பு, நேர்மை நாலையும் வச்சு பசங்களையே கன்சென்ட் ஃபார்ம் எழுத வைங்க. சின்ன கிளாஸ் பசங்கள இழுக்காதீங்க, யாரையும் ஏமாத்தி சங்கடப்படுத்துற மாதிரி எதுவும் வேணாம். "மினி மில்கிராம் பண்ணலாமா சார்"னு கேக்குற குரூப் ஒவ்வொரு வருஷமும் இருக்கும், ஏன் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லிடுங்க.

எல்லாமே வெள்ளைக்காரங்க ஆய்வா இருக்கே, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் ஆசியப் பசங்க. "இது எங்க வீட்டுக்குப் பொருந்தாது"ன்னு சொல்றாங்க.

அவங்க சொல்றது சரி, அத பரீட்சைல எழுதினா மார்க்கும் உண்டு, இஷ்யூஸ் அண்ட் டிபேட்ஸ்ல கல்ச்சர் பயாஸ்னே ஒரு பகுதி இருக்கு. ஐன்ஸ்வொர்த்தோட ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன எடுத்துக்கோங்க, ஒரு வயசுப் பிள்ளைய புது ரூம்ல விட்டுட்டு அம்மா வெளிய போயிட்டு வருவாங்க, திரும்பி வந்ததும் பிள்ளை எப்படி நடந்துக்குதுன்னு பாப்பாங்க. 1988ல வான் ஐசென்டூர்னும் க்ரூனென்பெர்க்கும் 8 நாட்டுல நடந்த 32 ஆய்வ சேத்துப் பாத்தாங்க. 8 நாடுன்னதும் பெருசா தெரியும், ஆனா 18 ஆய்வு அமெரிக்கால நடந்தது, சீனாலருந்து ஒண்ணே ஒண்ணு, இந்தியா கிடையவே கிடையாது. ஜப்பான்ல டகஹாஷி 1990ல பண்ணப்ப பல பிள்ளைங்க தாங்காம அழுததால தனியா விடுற கட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிடுச்சு, ஏன்னா அங்க அம்மாவ விட்டு அந்த வயசுப் பிள்ளை பிரியிறதே அபூர்வம்.

இத சொல்லிட்டு, ஆச்சி, சித்தி, மாமான்னு அஞ்சு பேர் மாத்தி மாத்தித் தூக்குற வீட்டுல அந்த டெஸ்ட் எத அளக்கும்னு கேட்டுப் பாருங்க, அன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்காத பிள்ளைங்கல்லாம் பேசும். ஆனா அங்கயே விட்டுடாதீங்க. அதே 1988 ஆய்வுல நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்த விட ஒரே நாட்டுக்குள்ள இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்கு அதிகம். "ஆசியாக்காரங்க எல்லாம் இப்படி"ன்னு சொல்றதும் அதே தப்புதான்னு அவங்களுக்கு அங்க உறைக்கணும்.

பேரன்ட்ஸ் ஈவ்னிங்ல "இது ஈஸி சப்ஜெக்ட்தானே, இத எடுத்தா பிள்ளை டாக்டர் ஆக முடியுமா"ன்னு நம்மாளுங்க கேக்குறாங்க, என்ன சொல்ல?

ஈஸியான்னு கேட்டா அந்த சைன் டெஸ்ட் டேபிளையும் 16 மார்க் எஸ்ஸேயையும் காட்டுங்க. மெடிசினுக்கு பெரும்பாலான இடத்துல கெமிஸ்ட்ரி முக்கியம், பயாலஜியும் கேப்பாங்க, மூணாவதா சைக்காலஜி வச்சுக்கலாம், ஆனா அந்தந்த யூனிவர்சிட்டி பக்கத்துல பாத்துக்கிட்டு எடுக்கணும். சைக்கியாட்ரிஸ்ட்டுன்னா மெடிக்கல் டிகிரி வேணும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேற வழி, பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி அங்கீகரிச்ச டிகிரி, வேலை அனுபவம், அப்புறம் மூணு வருஷ டாக்டரேட், ஹெச்சிபிசிங்கிற பதிவு அமைப்புல பதிவு. டாக்டர்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம்னு சொன்னீங்கன்னா பாதி அப்பாங்க அப்பவே சமாதானம் ஆயிடுவாங்க.

முதல் பேட்ச், பழைய ரிசல்ட்டே இல்ல. யூகாஸுக்கு (யூனிவர்சிட்டி அப்ளிகேஷன்) ப்ரெடிக்டட் கிரேட் எப்படிப் போடுறது?

இதுல எல்லாரும் தாராளமா போட்டுட்டு ஆகஸ்ட்ல முழிப்பாங்க. மெடிசின், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15க்குள்ள அனுப்பணும், அதுக்குள்ள இயர் 13 பாடம் பாதி கூட நடந்திருக்காது. இயர் 12 கடைசில முழு பேப்பர் ஒண்ணு, பரீட்சை ஹால்ல, 2 மணி நேரம், புக் இல்லாம வைங்க, டாப்பிக் டெஸ்ட் மார்க்க மட்டும் நம்பாதீங்க, முந்தின நாள் படிச்சுட்டு வந்து எழுதினது அது. பழைய பேப்பர் வச்சா புது பாடத்திட்டத்துல இல்லாத கேள்விய எடுத்துட்டு அதுக்கேத்த மாதிரி கணக்கு போடுங்க. 2027க்கு முன்னாடி வந்த கிரேட் பவுண்டரிய (எந்த கிரேடுக்கு எத்தனை மார்க்குங்கிற கோடு) அப்படியே ஒட்டாதீங்க, ஒரு அடையாளத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

உங்க மார்க்கிங் சரியான்னு பாக்க இன்னொரு ஆள் வேணும். பக்கத்துல பல வருஷமா சைக்காலஜி எடுக்குற ஸ்கூல் இருந்தா பேர மறைச்சு ஆறு எஸ்ஸே குடுத்து அவங்களையும் மார்க் போடச் சொல்லுங்க, உங்க மார்க்குக்கும் அவங்க மார்க்குக்கும் மூணுக்கு மேல வித்தியாசம் வந்தா ரெண்டு பேரும் உக்காந்து மார்க் ஸ்கீம ஒண்ணா படிங்க. அசோசியேஷன் ஃபார் த டீச்சிங் ஆஃப் சைக்காலஜின்னு டீச்சர்களுக்கான அமைப்பு இருக்கு, தனியா மாட்டிக்கிட்டவங்களுக்கு அங்க ஆள் கிடைக்கும். கொஞ்சம் அனுபவம் வந்ததும் போர்டுக்கே எக்ஸாமினரா அப்ளை பண்ணுங்க, காசு ரொம்ப இல்ல, ஜூன் மாசத் தூக்கம் போயிடும், ஆனா நூத்துக்கணக்கான பேப்பர் பாத்ததுக்கு அப்புறம் 9 மார்க் எஸ்ஸேக்கும் 13 மார்க் எஸ்ஸேக்கும் வித்தியாசம் என்னன்னு யாரையும் கேக்க வேண்டியிருக்காது.